கப்பலில் ஏற்றப்பட்டவர்களையும் சொல்லுங்கள்

மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி நண்பர்களுக்கும், ஆட்டோ ஓட்டிக்கொண்டே கதை சொல்லும் தம்பிமார்களுக்கும்,

நான் இடக்கொச்சியில் இருக்கிறேன். பிறந்தது கம்பம். அப்பா அங்கிருந்து எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குத் திராட்சை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ள வந்த நான் இங்கேயே தங்கிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் தோப்பும்படி வழியாக பஸ்ஸில் ஏற்றி மட்டாஞ்சேரிக்குக் கூட்டி வருகிறவன் நான்தான். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். உங்களுக்கும் என் முகம் பழகியிருக்கலாம்.

போன டிசம்பரில் அக்கா குடும்பம் வந்திருந்தது. பரேட் மைதானத்தை ஒட்டி அந்தப் பெரிய மரக்கதவு இருக்கிறதே, நெற்றியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வி, ஓ, சி எழுத்துகள் மூன்றையும் பின்னி 1740 என்று போட்டிருக்கும் கதவு, அதன் முன்னால் நிறுத்தி உங்களில் ஒருவர் கதை சொன்னார். நல்ல பிள்ளை. கணீரென்ற குரல், சுத்தமான தமிழ். டச்சுக் கம்பெனி 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்ததையும், 1795இல் ஆங்கிலேயரிடம் விட்டதையும், நடுவில் மிளகை வாங்கி வாங்கி ஐரோப்பாவில் விற்றதையும் ஒரு தப்பில்லாமல் சொன்னார். அக்காவின் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். அவள் கேட்டாள்: "மிளகு மட்டும்தான் ஏத்திட்டுப் போனாங்களாண்ணா?" அவர் சிரித்துக்கொண்டே, "மிளகு, ஏலம், லவங்கப்பட்டை, துணி, எல்லாம்தான்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டுக் கதவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அந்த 'எல்லாம்' என்ற சொல்தான் என்னை இந்த மடலை எழுத வைக்கிறது. அதற்குள் ஆட்களும் இருந்தார்கள். ஆண், பெண், குழந்தை. அவர்களைப் பற்றி உங்களிடம் பேசவேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திராட்சைக்காரன் என்பதால் திராட்சையிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சி வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு வைன் போடுவார். நவம்பர் பிறந்ததும் என்னிடம் சொல்லிவிடுவார், கம்பத்துப் பன்னீர் திராட்சைதான் வேண்டும் என்று. காம்பு கிள்ளிக் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, பெரிய பரணியில் திராட்சை ஒரு அடுக்கு, சர்க்கரை ஒரு அடுக்கு என்று போட்டு, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்து வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார். தினமும் ஒரே நேரத்தில் மரக்கரண்டியால் கிளறவேண்டும். அந்த நேரத்தில் அவர் சமையலறைப் பக்கம் போனால் பன்னீர் வாசம் ஆளைத் தூக்கும். ரோஜாவும் தேனும் கலந்ததுபோல ஒன்று. திராட்சையின் சாதியில் இந்த வாசம் உள்ள கூட்டத்துக்கு மஸ்கட் என்று பெயர். நம்முடைய பன்னீர் திராட்சை அந்தக் கூட்டத்தில் ஹாம்பர்க் மஸ்கட். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது.

இதே மஸ்கட் கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு திராட்சையால் ஒரு காலத்தில் உலகமே பேசிய ஒரு வைன் உண்டானது. தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனுக்கு அருகே, கான்ஸ்டான்ஷியா என்ற பண்ணையில். செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கு அது போனது. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட நாவலில் அது வருகிறது. அந்தப் பண்ணை இன்றும் இருக்கிறது. அந்த நிலத்தைக் கொடுத்தவர் கொச்சியில் கோலோச்சியவர் என்று எனக்குத் தெரிய வந்த நாளிலிருந்து மட்டாஞ்சேரி எனக்கு வேறு ஊராகிவிட்டது.

ஹென்ட்ரிக் வான் ரீட். இந்தப் பெயரை நீங்கள் தினமும் சொல்கிறீர்கள். மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற பன்னிரண்டு பாகப் புத்தகத்தைத் தொகுத்தவர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. கே. எஸ். மணிலால் தன் ஆயுளைச் செலவழித்து அதை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்தார். இதெல்லாம் நீங்கள் நன்றாகவே சொல்கிறீர்கள். ஒரே ஒரு திருத்தம். 1690களில் கட்டியது என்று சொல்லப்படும் டேவிட் ஹாலைக் காட்டி, வான் ரீட் குடியிருந்த வீடு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் 1677இலேயே கொச்சிப் பொறுப்பை விட்டுப் போனவர். 1691 டிசம்பரில் கடலிலேயே இறந்தார். சூரத்தில் இரண்டடுக்குக் கல்லறை அவருக்கு இருக்கிறது.

கொச்சியை விட்ட பிறகு அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் யாரும் இங்கே சொல்வதில்லை. கம்பெனியின் ஊழலை விசாரிக்கும் ஆணையராக அவர் 1685இல் நன்னம்பிக்கை முனையில், சுருக்கமாகச் சொன்னால் கேப்பில், இறங்கினார். அங்கே அப்போது தலைவராக இருந்தவர் சைமன் வான் டெர் ஸ்டெல். அவருக்கு வான் ரீட் கொடுத்த நிலம், 1,800 ஏக்கருக்கு மேல், கான்ஸ்டான்ஷியாப் பண்ணையாயிற்று. அதே பயணத்தில் கம்பெனியின் அடிமை விடுதியையும் அவர் பார்வையிட்டு விதிகள் எழுதிவைத்தார். ஐரோப்பியத் தகப்பனுக்குப் பிறந்த அடிமைப் பிள்ளைகள், ஆணானால் 25 வயதிலும் பெண்ணானால் 22 வயதிலும் விடுதலை கேட்கலாம் என்பது அவற்றில் ஒன்று. செடியின் இலையையும் பூவையும் அத்தனை நுணுக்கமாகப் பார்த்த அதே கண்தான் இந்தக் கணக்கையும் பார்த்தது. மற்றத் தகப்பன்களுக்குப் பிறந்த பிள்ளைகள் அந்த விதிக்குள் வரவில்லை.

அந்த விடுதியில் இருந்தவர்கள் யார்? இங்கேதான் நம் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கேப்பின் பழைய ஏடுகளில் அடிமைகளுக்கு ஊரையே பட்டப்பெயராக எழுதுவார்கள். 'வான் மலபார்', 'வான் கொச்சின்', 'வான் கோரமண்டல்', 'வான் பெங்காலன்'. 'வான்' என்றால் இன்ன ஊர்க்காரர் என்று அர்த்தம். அப்பா அம்மா வைத்த பெயர் போய்விட்டது. ஒரு ரோசா, ஒரு சீசர், ஒரு ஜனவரி என்று எசமான் வாய்க்கு வந்த பெயர் நின்றது. பிறந்த மண்ணின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு கூடவே போனது. 1652 முதல் 1808 வரை கேப்புக்குக் கொண்டுபோகப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் கால்பங்கு இந்தியாவிலிருந்து போனவர்கள்.

தமிழ்நாட்டுப் பயணிகளிடம் சொல்லும்போது இதை மலையாளக் கரையோடு நிறுத்திவிடாதீர்கள். பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி மூன்றும் இதே கம்பெனியின் துறைகளாக இருந்தவை. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து அடித்தபோது, சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை நாகப்பட்டினத்துக் கப்பல்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அள்ளிக்கொண்டு போயின. கேப்பின் ஏடுகளில் ஆரம்பத்திலேயே வரும் பெண்களில் ஒருத்தி பழவேற்காட்டுக்காரி. க்ரூட்ட காத்ரைன் வான் பாலியாகட், அதாவது பழவேற்காட்டுப் பெரிய காத்ரைன். பத்தாவியாவில் மரண தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் கேப்பில் வந்து இறங்கியவள். சென்னையிலிருந்து வரும் ஒரு குடும்பத்திடம் இந்த ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள். பழவேற்காடு அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை படகுச் சவாரிக்குப் போகிற ஊர்.

இதற்கு ஆதாரம் தேடி ஹாலந்துக்குப் போகவேண்டியதில்லை. டச்சுக் கம்பெனி கொச்சியில் எழுதிய ஏடுகள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கொச்சியில் அடிமையை விற்று வாங்கியபோது எழுதின பத்திரங்களும் அவற்றில் உண்டு. விற்றவர், வாங்கினவர், விலை, விற்கப்பட்டவரின் பெயர், வயது, சாதி. இன்று நாம் நிலத்துக்கு எழுதுகிற பத்திரம் போலவே. ஆய்வாளர்கள் அவற்றைப் படித்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். கம்பெனியின் கணக்கில் போனவர்களைக் காட்டிலும், கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்த லாபத்துக்கு வாங்கி அனுப்பியவர்களைப் பற்றி இந்தப் பத்திரங்கள் நிறையச் சொல்கின்றன.

கான்ஸ்டான்ஷியாவுக்குத் திரும்புகிறேன். அந்தப் பண்ணையின் முதல் உடைமையாளர் சைமன் வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டி மோனிகா என்று அழைக்கப்பட்ட இந்தியப் பெண், அடிமையாயிருந்து விடுதலை பெற்றவள். சைமன் இறந்த பின் சில வருஷங்களில் பண்ணை ஓலோஃப் பெர்க் என்பவர் கைக்கு வந்தது. அவர் மனைவி அன்னா டி கோனிங். பெர்க் காலத்துக்குப் பிறகு பண்ணை அன்னாவின் பெயரில் இருந்தது. அன்னாவின் தாய் ஆஞ்செலா வங்காளத்திலிருந்து கொண்டுபோய் விற்கப்பட்டு, 1666இல் விடுதலையானவள். அடிமையின் மகள் அந்தப் பெரிய வீட்டின் எசமானி ஆனாள். அவளிடமும் அடிமைகள் இருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதை நமக்கு வசதியான பக்கம் சாய்வதில்லை. சாயாத கதையைத்தான் நாம் சொல்லவேண்டும்.

இப்போது கட்டடத்துக்கு வருகிறேன். உங்கள் தொழிலே கட்டடத்தைக் காட்டிக் கதை சொல்வதுதானே.

1778இல் ஹென்ட்ரிக் க்ளூட்டே என்பவர் அந்தப் பண்ணையை வாங்கினார். வைனின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் அவர்தான். 1791இல் அவர் கட்டின வைன் கிடங்கு இன்றும் நிற்கிறது. படத்தில் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத கட்டடம். நீண்ட, தாழ்ந்த, வெள்ளைச் சுவர். அலட்டலில்லாத சன்னல் வரிசை. நடுவில் மட்டும் சுவரோடு ஒட்டின தூண்கள், அவற்றின் தலையில் கோயில் முகப்புப்போல ஒரு முக்கோணம். பீப்பாய் அடுக்குகிற இடத்துக்கு எதற்குக் கோயில் முகப்பு?

அது அந்தக் காலத்து நாகரிகம். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியில் ஹெர்க்குலேனியம், பொம்பெய் என்று சாம்பலில் புதைந்த ரோமானிய நகரங்களைத் தோண்டி எடுத்தார்கள். படித்தவர்களுக்கெல்லாம் கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் மேல் பித்துப் பிடித்தது. வளைவு நெளிவு போதும், நேர்கோடும் அளவும்தான் அழகு என்றார்கள். அதற்கும் இருநூறு வருஷத்துக்கு முன்பே பல்லாடியோ என்ற கட்டடக்கலைஞர் வெனிஸ் நகரத்துப் பணக்காரர்களின் பண்ணைவீடுகளுக்குக் கோயில் முகப்பு வைத்துக் கட்டி வழிகாட்டியிருந்தார். தானியக் களஞ்சியமும் மாட்டுத் தொழுவமும் இரண்டு பக்கமும் கைபோல நீண்டிருக்க, நடுவில் தூணும் முக்கோணமும். விவசாயம் செய்கிற இடம் அரசவை மாதிரி தோன்றும். பிரான்சில் போர்தோ பக்கத்து ஷாத்தோ மார்கோவை 1810களில் லூயி கோம்ப் கட்டினபோது அது நேராகவே ஒரு கிரேக்கக் கோயிலாக எழுந்தது. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே, மரங்கள் இரு பக்கமும் நிற்கும் நேர்சாலையின் கோடியில்.

என் தொழில் கண்ணோடு பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிகிறது. திராட்சைத் தொழில் அழுக்கான தொழில். பந்தலுக்குக் கீழே குனிந்தே நடந்து கவாத்து வெட்டவேண்டும். கைவிரல் இடுக்கெல்லாம் கறை. அறுவடை நாளில் குளவி மொய்க்கும். மிதித்த சக்கையின் புளிப்பு நாலு நாளைக்கு உடம்பை விட்டுப் போகாது. இந்த வேர்வையும் புளிப்பும் விருந்துக்கு வருகிறவர் கண்ணில் படாமலிருக்க வெள்ளைச் சுவரும் தூணும் முக்கோணமும் நன்றாக உதவின. தோட்டத்தில் குனிந்தவர்கள் அந்த முகப்புக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

கான்ஸ்டான்ஷியாக் கிடங்கின் அந்த முக்கோணத்துக்குள் ஒரு சுதைச் சிற்பம் இருக்கிறது. அன்டன் அன்ரைத் செய்தது. கிரேக்கக் கதையில் கானிமீட் என்று ஒரு டிராய் தேசத்துப் பையன். அழகானவன். தேவர்களின் அரசன் கழுகாக வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், எதற்கென்றால் தேவலோகத்தில் மது ஊற்றிக் கொடுக்க. அந்தப் பையனையும் கழுகையும் சுற்றிக் குழந்தைகளையும்தான் அன்ரைத் அங்கே வைத்திருக்கிறார். வைன் கிடங்குக்கு மது ஊற்றுகிறவன் சிலை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நான் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து பிடுங்கப்பட்டு, கடல் தாண்டிக் கொண்டுபோகப்பட்டு, அடுத்தவருக்குக் கிண்ணம் நிறைக்க வைக்கப்பட்ட ஒரு பிள்ளை. அந்த முக்கோணத்துக்குக் கீழே பீப்பாய் உருட்டினவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் கதைதான் அங்கே வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கிடங்கை வடிவமைத்தவர் என்று சொல்லப்படுகிற லூயி மிஷெல் திபோவைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைக்காரர்களுக்கு இது பிடிக்கும். பாரிஸில் படித்த அவர், ம்யூரோன் என்ற சுவிஸ் கூலிப்படையோடு 1783இல் கேப்புக்கு வந்த படைப் பொறியாளர். அந்தப் படை பிறகு இலங்கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்டது. அந்த வெற்றியையும் பிளாசி வெற்றியையும் கொண்டாடத்தான் 1802இல் கோல்டிங்ஹாம் சென்னையில் ஒரு விருந்து மண்டபம் கட்டினார். உயரமான படிகள், தூண்கள், கோயில் முகப்பு. இன்றைக்கு அதன் பெயர் ராஜாஜி மண்டபம். தலைவர்களின் உடலை வைக்கும்போது நாம் எல்லோரும் டிவியில் பார்த்த அந்தப் படிகள்தான். ஒரே காலத்து நாகரிகம் கேப்பில் வைன் கிடங்காகவும் சென்னையில் வெற்றி மண்டபமாகவும் நிற்கிறது.

கொச்சியில் இதற்கு உறவாக எது இருக்கிறது? முதலில் போல்காட்டி. 1744இல் டச்சுக்காரர்கள் முளவுகாட்டுத் தீவில் தென்னைகளுக்கு நடுவே எழுப்பின மாளிகை. நகரத்து நெரிசலை விட்டுக் காயலுக்கு நடுவே, புல்வெளியும் தோட்டமுமாக, பெரிய மனிதர்கள் காற்று வாங்க இருந்த இடம். 1909இல் ஆங்கிலேயருக்குக் குத்தகைக்குப் போனது. இன்று அரசுச் சுற்றுலாக் கழகத்தின் ஹோட்டல். கான்ஸ்டான்ஷியாவோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கம்பெனியின் பிள்ளைகள் என்று தெரியும். அங்கே திராட்சைக் கொடி, இங்கே தென்னை. அடுத்தது பஜார் ரோட்டுப் பண்டகசாலைகள். தெருப்பக்கம் தூணும் முக்கோணமும் வைத்த வாசல். உள்ளே போனால் முற்றம், முற்றத்தைத் தாண்டினால் படகுத்துறை. வாசல் வாங்குகிறவருக்கு, படகுத்துறை சுமக்கிறவருக்கு. அந்த வாசலைக் காட்டும்போது தயவுசெய்து பின்பக்கமும் கூட்டிக்கொண்டு போங்கள். அலை தட்டும் அந்தக் கல்படிகளில் நின்று, இங்கிருந்து சரக்கு மட்டும் போகவில்லை என்று சொல்லுங்கள்.

உங்களில் சிலர் சொல்வீர்கள், எனக்குத் தெரியும்: "அண்ணாச்சி, ஜனங்கள் லீவுக்கு வர்றாங்க. சீனவலை, மசாலாக் கடை, மீன் பொரியல், ஒரு கதகளி. இதுல அடிமைக் கதை சொன்னா முகம் சுருங்கிடும், டிப்ஸும் சுருங்கிடும்." உங்கள் வயிற்றுப்பாட்டை நான் லேசாக நினைக்கவில்லை. மண்டியில் பெட்டி தூக்கி வளர்ந்தவன் நான். ஆனால் மங்காட்டுமுக்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே சாலையோரத்தில் காப்பிரி முத்தப்பனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். காப்பிரிகள் போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகள். டச்சுக்காரர் வந்து ஊரைப் பிடித்தபோது ஓடுகிற எசமானர்கள் தங்கள் புதையலுக்குக் காவலாக அவர்களைக் கொன்று சுவரில் வைத்துப் பூசிவிட்டுப் போனார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. எந்த மதத்துக்காரராயிருந்தாலும் அங்கே நின்று கும்பிடுகிறார்கள். யாரும் முகம் சுருங்கவில்லை. இந்த ஊர் ஜனங்களே முந்நூற்றைம்பது வருஷமாக ஓர் அடிமைக்குச் சுருட்டுப் பற்றவைத்து நினைவில் வைத்திருக்கும்போது, பயணிகள் தாங்கமாட்டார்கள் என்று நாம் ஏன் பயப்படவேண்டும்? ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்தவர்களுக்கு ஒரு முத்தப்பன் இருக்கிறார். இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனவர்களுக்கு இந்த ஊரில் ஒரு மெழுகுவர்த்தியும் இல்லை.

கேப்பில் நிலைமை மாறிவிட்டது. 1925இல் கான்ஸ்டான்ஷியாவின் பெரிய வீடு தீயில் எரிந்து, பிறகு பழையபடியே கட்டி அருங்காட்சியகமாக்கினார்கள். வெகுகாலம் அங்கே மேசை நாற்காலியும் பீங்கான் தட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதே இடத்தில் பண்ணை அடிமைகளின் வாழ்க்கையையும் காட்டுகிறார்கள். நகரத்திலிருக்கும் பழைய அடிமை விடுதியும் இன்று அருங்காட்சியகம். அங்கே ஒளி படும் ஒரு தூணில் அடிமைகளின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். வைன் ருசிக்க வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லாப் பழியையும் டச்சுக்காரர் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது. துறைக்குக் கொண்டுவந்து விற்றவர்களில் நம் தரகர்களும் உண்டு, நிலத்தோடு ஆளையும் சேர்த்துக் கைமாற்றிய நம் ஜன்மிமார்களும் உண்டு. புலையர்களும் பறையர்களும் இந்தக் கரையில் கப்பல் வருவதற்கு முன்பே விற்கப்பட்டவர்கள்தான். கொச்சி ராஜ்யத்தில் அடிமைமுறையைச் சட்டம் ஒழித்தது 1854இல், திருவிதாங்கூரில் 1855இல். கேப்பில் 1834இல் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1838இல்தான் முழு விடுதலை. நம்முடையது அதற்கும் பிந்தியது. இடக்கொச்சியில், கும்பளங்கியில், செல்லானத்தில் பொக்காளி வயலில் உப்புத் தண்ணீரில் நின்று வரப்புக் கட்டினவர்களின் பேரன் பேத்திகள் இன்று என் அக்கம்பக்கத்தார். அவர்களுக்கு முன்னால் நின்று சொல்லக் கூச்சப்படாத கதையாக நம் கதை இருக்கவேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. பரேட் மைதானத்துக் கதவின் முன்னால் இரண்டு நிமிஷம் கூட நில்லுங்கள். இந்தப் பின்னல் எழுத்துக்காரர்கள் மிளகோடு மனிதர்களையும் ஏற்றினார்கள் என்று சொல்லுங்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், 1724 என்று போட்ட வாசலில் நின்று நூற்று நாலு கல்லறைகளைக் காட்டுகிறீர்கள். இங்கிருந்து போய்க் கேப்பில் மண்ணோடு போனவர்களுக்குக் கல் இல்லை என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். வான் ரீடின் செடிப் புத்தகத்தைச் சொல்லும்போது 1685இல் அவர் கொடுத்த நிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயணிகளில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் எழும்பூர் ஆவணக்காப்பகத்தின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். டச்சு மொழி படித்த ஒரு தமிழ்ப் பிள்ளை அந்தக் கட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தால், ஒன்றிரண்டு பெயர்களாவது ஊர் திரும்பும். ஒரு சங்கமாகக் கூடி நீங்கள் கேட்டால், படகுத்துறை ஒன்றில் ஒரு கல் நாட்டச் சொல்லி அரசுக்கு மனுக்கூடக் கொடுக்கலாம். முதல் கையெழுத்தாக என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பேத்தி இந்த டிசம்பரில் மறுபடி வருகிறாள். அவளை அதே கதவின் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்தப்போகிறேன். அவள் அதே கேள்வியைக் கேட்டால், பழவேற்காட்டுக் காத்ரைனின் பெயரை நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
இடக்கொச்சியிலிருந்து ஒரு திராட்சை வியாபாரி